ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிய பரிணாமப் பாடம்: அந்தப் பிள்ளையின் தாத்தாவிடம் என்ன பேசுவது?

தேரிக்காட்டு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். திசையன்விளைக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், பதினான்கு வருஷ சர்வீஸ். 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு குரல் "அப்போ ஆதாம் ஏவாள் டீச்சர்?" என்று கேட்கும், நானும் "பரீட்சைக்கு இதை எழுது, மற்றதை வீட்டில் கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அப்படிப் போனது தப்பு என்று இப்போதுதான் உறைக்கிறது.

போன வாரம் படம் ஒன்றைக் காட்டலாம் என்று ஒரு மாணவியின் புத்தகத்தை வாங்கிப் பிரித்தால் பாடம் திறக்கவில்லை. மேலே மூன்று, ஓரத்தில் ஆறு, கீழே மூன்று என்று ஸ்டேப்ளர் பின் அடித்து அந்தப் பாடத்தையே மூடி வைத்திருக்கிறது. பின்களுக்கு நடுவே ஒரே இடைவெளி, ஸ்கேல் வைத்துக் குறித்தது போல ஒன்றுகூடக் கோணல் இல்லை. ஆத்திரத்தில் அடித்ததாகத் தெரியவில்லை, வாடைக்காற்று பிள்ளை மேல் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்துவார்களே, அந்த அக்கறை. "தாத்தா அடிச்சாங்க டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "நான் இதைப் படிச்சா தாத்தா ஜெபம் பண்றது பொய்யாயிருமா?"

எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்துவிட்டது, அவளும் எழுந்து போய்விட்டாள்.

அந்தத் தாத்தாவை எனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், ஊரில் பாதிப் பேருக்கு சண்டே ஸ்கூலில் எழுத்தும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தவர். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, குரலை உயர்த்தாமல், "நம்ம பிள்ளைகளுக்குக் குரங்குதான் பாட்டன் என்று சொல்லிக் கொடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். பின்வரிசையில் இருந்த இரண்டு இளவட்டங்கள் "மூடநம்பிக்கை" என்று கத்த, இந்தப் பக்கம் நாலு பேர் எழுந்து "எங்க வேதத்தையா சொல்லுத?" என்று பாய, கூட்டம் அதோடு கலைந்தது. இப்போது ஊர் வாட்ஸப் குரூப்பில் தினமும் சண்டை, டீக்கடையிலும் அதே பேச்சு. "பாடத்தைச் சும்மா தொட்டுவிட்டுப் போங்க, புக் பேக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் போடுங்க" என்று எனக்கு மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

2023-ல் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் பத்திரமாக இருக்கிறதே என்று அப்போது நிம்மதியாக இருந்தேன். புத்தகத்தில் இருந்து என்ன செய்ய, பிள்ளையின் கையில் மூடிக் கிடக்கிறது.

பாடத்தை விட மாட்டேன். அந்தப் பெரியவரை நோகடிக்கவும் மனம் இல்லை. அவரிடம் என்ன பேசுவது, அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிசான வயல்

டீச்சர், நான் அம்பாசமுத்திரம் பக்கம், கார், பிசானம் இரண்டு பூவும் போடுகிறவன், படித்தது பத்தாவது வரைதான். பரிணாமம் என்ற சொல்லையே எடுக்காமல் அவரிடம் வயலைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

புகையான் விழுந்தால் என்ன ஆகும் என்று நெல் போட்டவர்களுக்குத் தெரியும், தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாறை உறிஞ்சும், வட்டம் வட்டமாக வயல் கருகிப்போகும். ஒரு மருந்து புதிதாக வந்த வருஷம் அடித்தோம், மறுநாள் வயல் தண்ணீரில் பூச்சி செத்து உமி மாதிரி மிதந்தது. அதே மருந்து, அதே அளவு, நாலைந்து வருஷம் கழித்து அடித்தால் தூரைத் தட்டினால் பூச்சி துள்ளி விழுகிறது, சாகவில்லை. போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டோம். விவசாய ஆபீசர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருந்து மாறலை, பூச்சி மாறிட்டு." எந்தப் பூச்சியும் மருந்தைக் குடித்துப் பழகிக் கொள்ளவில்லையாம். முதல் வருஷமே ஆயிரத்தில் ஒன்றிரண்டுக்கு அதைத் தாங்குகிற உடம்பு இருந்திருக்கிறது, மற்றதெல்லாம் சாக, அந்த ஒன்றிரண்டு போட்ட குஞ்சுகளின் குஞ்சுகள்தான் இப்போது வயல் முழுக்க நிற்கின்றன. அவரே சொன்னார், 1970-களில் ஐ.ஆர்.26 என்ற ரகம் புகையானைத் தாங்கும் என்று வந்ததாம், மூன்று நாலு வருஷத்துக்குள் அதையும் உறிஞ்சுகிற புகையான் வந்துவிட்டதாம்.

எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வந்த அம்பை 16 அரிசியைச் சாப்பிடாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. இரண்டு ரகத்தை ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது. மனுஷன் பொறுக்கினால் அம்பை 16, மருந்து பொறுக்கினால் புதுப் புகையான். எனக்குத் தெரிந்த பரிணாமம் இவ்வளவுதான்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்குப் போகாமல் நான் இருந்ததில்லை. பூச்சி மாறியது தெரிந்த பிறகும் போகிறேன், ஒரு இடைஞ்சலும் இல்லை.

பாளை ஓய்வாசிரியர்

டீச்சர், முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் எடுத்தவன் நான். வயல்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் அதற்கு அந்தப் பெரியவர் என்ன சொல்வார் என்று இப்போதே எனக்குத் தெரியும், என் வகுப்பில் எத்தனையோ பேர் கேட்டதுதான்: "புகையான் புகையானாகத்தானே இருக்கிறது, வெட்டுக்கிளி ஆகிவிடவில்லையே?" நியாயமான கேள்வி. அதைத் தாண்டாமல் பாடம் நகராது.

அவரிடம் கால்டுவெல்லை வைத்துப் பேசுங்கள். இடையன்குடி உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே. 1841-ல் அங்கே வந்து இறங்கி, ஐம்பது வருஷம் இந்த மண்ணில் இருந்து, அந்தக் கோயிலிலேயே அடக்கமாகி இருக்கிற பேராயர், அவரை அந்தப் பெரியவர் தட்டிவிட மாட்டார். கால்டுவெல்லின் திராவிட மொழிகள் ஒப்பிலக்கணம் வந்தது 1856, டார்வினின் புத்தகம் 1859, மூன்றே வருஷ இடைவெளி. இவர் மொழிகளுக்குச் செய்ததைத்தான் அவர் உயிர்களுக்குச் செய்தார் என்று நான் வகுப்பில் சொல்வேன். காது என்பதற்கு நாம் செவி என்கிறோம், தெலுங்கிலும் செவி, கன்னடத்தில் கிவி. கண் எல்லா இடத்திலும் ஏறத்தாழக் கண்தான். கை தமிழிலும் கன்னடத்திலும் கை, தெலுங்கில் செய்யி. ஒன்றிரண்டு சொல் ஒத்துப்போனால் கடன் வாங்கியது எனலாம், உடம்பின் உறுப்பு, எண், உறவுப் பெயர் என்று அடிப்படைச் சொற்களும், அவை மாறுகிற முறையும் வரிசையாக ஒத்துப்போனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றுதானே அர்த்தம். அப்படித்தான் ஆட்டின் முன்னங்கால், வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு, நம் கை நாலிலும் ஒரே எலும்பு வரிசை இருப்பதையும் பார்க்க வேண்டும்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் மலையாளம். எந்தத் தாயும் தமிழ் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று மலையாளம் பேசுகிற பிள்ளையைப் பெறவில்லை, ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் பேசியதைத்தான் பேசியது, தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சுப் புரியாமல் போன தலைமுறை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூற்றாண்டுக் கணக்கில் தனித்தனியே இருந்ததில் இரண்டு மொழி ஆகிவிட்டது. "தமிழ் இன்னும் இருக்கிறதே, அப்புறம் எப்படி மலையாளம் வந்தது?" என்று யாரும் கேட்பதில்லை. இன்று நாம் பேசுகிற தமிழில் இருந்து மலையாளம் வரவில்லை, இரண்டும் ஒரு பழைய பேச்சில் இருந்து பிரிந்தவை என்பதால். அதே மாதிரி பாபநாசம் படிக்கட்டில் வாழைப்பழத்தைப் பிடுங்குகிற குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை. அதற்கும் நமக்கும் ஒரு பழைய பாட்டன் உண்டு, ஏறத்தாழ இரண்டரைக் கோடி வருஷத்துக்கு முன்னால். சிம்பன்சிக்கும் நமக்கும் அறுபது எழுபது லட்சம் வருஷத்துக்கு முன்னால்.

இன்னும் ஒன்று, பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது. வைட்டமின் சி-யை ஆடு தன் உடம்பிலேயே தயார் செய்து கொள்ளும், அதனால் ஆட்டுக்கு நெல்லிக்காய் தேவை இல்லை. நமக்கு அது முடியாது. அதைச் செய்கிற ஜீன் நமக்குள் இல்லாமல் இல்லை, இருக்கிறது, பழுதாகிக் கிடக்கிறது. பாபநாசத்துக் குரங்குக்கும் அதே ஜீன்தான் பழுது. நான் வகுப்பில் இரண்டு நோட்டைக் காட்டுவேன்: விடை ஒன்றாக இருந்தால் இருவரும் நன்றாகப் படித்திருக்கலாம், ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவர்கள் என்று ஆசிரியருக்குத் தெரியாதா?

சபைப் பிள்ளை

நான் அந்தத் தாத்தா பக்கம். ஒளிக்க விரும்பவில்லை.

சார் நன்றாகத்தான் விளக்குகிறார். ஆனால் எங்கள் வீடுகளில் ஆதாம் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. என் பூட்டி காலத்தில் அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் மாரை மறைக்கத் துணி போட்டதற்கு அடி வாங்கியவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். தோள்சீலை போடலாம் என்று ராஜா உத்தரவு போட்டதே 1859-ல்தான், நீங்கள் சொல்கிற டார்வின் புத்தகம் வந்த அதே வருஷம். தலையில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கேட்டுக் கேட்டுக் கூனிப்போன சனத்திடம் வந்து, கடவுள் எல்லா மனிதரையும் ஒரே ரத்தத்தில் உண்டாக்கினார், உன்னையும் தம் சாயலில் உண்டாக்கினார் என்று சொன்னது அந்த வேதம். அந்த ஒரு வார்த்தையில் முதுகு நிமிர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஒருவர் வந்து "அது கதை, நீ மிருகத்தில் இருந்து வந்தவன்" என்றால், அறிவியல் சொல்கிறார் என்று எங்கள் காதில் விழாது. பழையபடி கீழே இறக்குகிறார் என்றுதான் விழும். அந்தப் பெரியவர் பின் அடித்தது எதை மூட என்று யோசித்துப் பாருங்கள்.

மனிதரைத் தரம் பிரிக்க டார்வினை எத்தனை பேர் எடுத்து ஆண்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு நேரடிக் கேள்வி. எங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது நாற்பது அடியில் கல்லோடு கல்லாகச் சிப்பி வந்தது. இரண்டு பக்கமும் மூடியபடி, உள்ளே மண் இறுகி, கையில் எடுத்தால் கனமாக. கடல் எங்களுக்குப் பத்துக் கிலோமீட்டர். ஜலப்பிரளயம் இல்லாமல் அது எப்படி அங்கே வந்தது?

பாளை ஓய்வாசிரியர்

தம்பி, ஒரே ரத்தம் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் எனக்கு இது தோன்றாமல் போயிற்று, என் பிள்ளைகள் முகம் சுளித்ததற்கு அர்த்தம் இன்றைக்குத்தான் புரிகிறது.

முதலில் நீங்கள் சொன்ன குற்றச்சாட்டை ஒத்துக்கொள்கிறேன். 1925-ல் அமெரிக்காவில் டென்னசி மாநிலம் டேட்டன் ஊரில் பரிணாமம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்குப் போட்டு நூறு டாலர் அபராதம் விதித்தார்கள், உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அறிவியல் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம் என்றுதான் அதைச் சொல்வோம். ஆனால் அந்த வழக்கில் அடிபட்ட பாடப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால், அதில் மனிதரை ஐந்து இனமாகப் பிரித்து வெள்ளையரை மேலே வைத்திருக்கிறது, பலவீனமானவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்ற பேச்சும் இருக்கிறது. ஸ்கோப்ஸை எதிர்த்து அரசுத் தரப்பில் வாதாடிய பிரையன் பயந்ததில், பலவீனமானவர்களை ஒதுக்குகிற இந்தப் பேச்சும் ஒன்று. அந்தப் பயம் சும்மா வந்தது இல்லை.

ஆனால் அந்தத் தரவரிசையை உடைத்துப் போட்டதும் இதே பாடம்தான் தம்பி. 1972-ல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் கணக்குப் போட்டுக் காட்டினார், மனிதருக்குள் இருக்கிற மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருப்பது கொஞ்சம்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் பிச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த ரத்தத்தில் எம்130 என்ற தந்தைவழி அடையாளம் இருந்தது, ஆப்பிரிக்காவில் இருந்து கிளம்பிக் கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போனவர்களின் அடையாளம் அது. தலையில் பிறந்தவன் யாரும் இல்லை, காலில் பிறந்தவன் யாரும் இல்லை, எல்லோரும் ஆப்பிரிக்காவில் இருந்து நடந்து வந்த ஒரே குடும்பம் என்று ரத்தத்தில் இருந்தே சொல்கிற பாடம் இது. டீச்சர், அந்தப் பெரியவரிடம் நான் சொன்ன வைட்டமின் சி எல்லாம் பிறகு இருக்கட்டும், இதில் இருந்து ஆரம்பியுங்கள்.

இனி கிணற்றுச் சிப்பி. அங்கே கடல் இருந்தது உண்மை, அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. கொற்கைக்குப் போய்ப் பாருங்கள், பாண்டியரின் முத்துத் துறைமுகம், இன்று கடலில் இருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வாழைத்தோட்டத்துக்கு நடுவில் கிடக்கிறது. கால்டுவெல் அங்கே தோண்டிப் பார்த்துவிட்டு, தாமிரபரணி வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் விலகியது, அதனால் கொற்கை போய்க் காயல் வந்தது என்று 1881-ல் எழுதினார். நம் ஜில்லாவில் கடல் ஏறியதும் இறங்கியதும் பல தடவை. இது ஒரே பிரளயம்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் சிப்பியை எடுத்துக்கொண்டு மணப்பாட்டுக் கரைக்குப் போனால் அதே சாயலில் இன்றைக்கும் சிப்பி கிடக்கும். அதையே அரியலூர்ப் பக்கம் காரை ஊருக்குக் கொண்டு போனால், அங்கே பொட்டலில் கிடப்பது அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரியின் ஓடு, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டிருக்கும், சுமார் பத்துக் கோடி வருஷத்துப் பழசு, அந்த இனமே இன்று உலகத்தில் எந்தக் கடலிலும் இல்லை. ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருந்தால் அந்த அம்மோனைட் ஒன்றாவது உங்கள் கிணற்றில் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காது.

ஆறாயிரம் வருஷம் என்ற கணக்கு வேதத்தில் எழுதியிருக்கிற எண் இல்லை, 1650-ல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் போட்டது: படைப்பு கி.மு. 4004, பிரளயம் கி.மு. 2348. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது, அந்தக் கணக்கின்படி பிரளயத்துக்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அஷ்ஷர் கணக்கை விட்டால் விசுவாசம் போய்விடும் என்று இல்லை. ஆறு நாளை நாம் எண்ணுகிற நாளாகவே எடுக்க வேண்டியதில்லை என்று அகஸ்டின் 1,600 வருஷத்துக்கு முன்பே எழுதினார். கத்தோலிக்கரில் 1950-லேயே போப் பன்னிரண்டாம் பயஸ் பரிணாம ஆராய்ச்சிக்குக் கதவைத் திறந்தார், 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால் அது வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்றார். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடிய தாவரவியலாளர் ஆசா கிரே கோயிலுக்குப் போகிறவர்தான்.

குறுக்குத்துறை

இவ்வளவு சண்டை எதற்கு? நம்மவர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். மச்சம் தண்ணீரில், கூர்மம் இரண்டிலும், வராகம் தரையில், நரசிம்மம் பாதி மிருகம் பாதி மனிதன், அப்புறம் வாமனன். தசாவதாரமே பரிணாமம்தானே. புல்லாகிப் பூடாய் என்று திருவாசகத்திலும் வருகிறது. டார்வினுக்கு முன்னாலேயே நம்மிடம் இருந்தது, அந்தத் தாத்தாவுக்கு இதைச் சொன்னால் போதும்.

மேலப்பாளையம் விலங்கியல்

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை அந்தத் தாத்தாவிடம் சொன்னால் காரியம் கெட்டுப்போகும். ஒருத்தர் வேதத்தை எடுத்துவிட்டு இன்னொருத்தர் புராணத்தை வைக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

அதுவும் போக, அது பரிணாமம் இல்லை. மச்சத்தின் பிள்ளைக்குப் பிள்ளை கூர்மம் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் பெருமாள் தனித்தனியே எடுத்த அவதாரம். அதை டார்வினோடு பொருத்திப் பேசுகிற வழக்கம் 1877-ல் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதிய காலத்தில் இருந்துதான் பரவியது, அதாவது டார்வினுக்குப் பிறகு. மாணிக்கவாசகர் சொல்வது ஒரு உயிர் பிறவி பிறவியாய் எடுத்து இளைத்துப்போன வேதனையை, அந்த வரிசையில் கல்லும் வருகிறது, மனிதருக்குப் பிறகு பேயும் வருகிறது. அதைப் பரிணாம அட்டவணையாக்கினால் அந்த அழுகையும் போய்விடும், பாடமும் வராது. 2018-ல் ஒரு மத்திய இணையமைச்சர், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் தப்பு என்று பேசியபோது நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்து அறிக்கை விட்டன. அந்த அமைச்சர் நம் பக்கத்துக் கிறிஸ்தவரும் இல்லை, என் பக்கத்து முஸ்லிமும் இல்லை. இந்தப் பிரச்சினை ஒரு மதத்துக்காரர்களுடையது என்று நினைக்கவே கூடாது.

என் வீட்டையும் சொல்கிறேன். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தபோது என் வாப்பா பூச்சி மாறுவதை ஒத்துக்கொண்டார், திமிங்கிலம் தரையில் இருந்த விலங்கின் வம்சம் என்பதையும் ஆச்சரியமாகக் கேட்டார். ஆதம் நபியிடம் வந்ததும் நிறுத்திவிட்டார். "அது மட்டும் வேற" என்றார். இன்றைக்கும் அப்படித்தான். நான் அவரை மாற்றவும் இல்லை, எனக்குத் தெரிந்ததை அவருக்காக மறைக்கவும் இல்லை.

டீச்சர், எனக்கு அந்தப் பிள்ளையின் கேள்விதான் மனதில் நிற்கிறது. அவளிடம் மழுப்பாதீர்கள். ஆறு நாளில் இன்றிருக்கிற உயிரெல்லாம் வந்தது என்பதைப் பாடம் இல்லை என்றுதான் சொல்கிறது, அதை இல்லை என்றே சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நாம் வழுக்குவது உடனே தெரிந்துவிடும். அப்புறம் அவளையே கேளுங்கள்: தாத்தா முழங்கால் போட்டு என்ன கேட்டு ஜெபம் பண்ணுகிறார் என்று. பூமிக்கு எத்தனை வயசு என்றா கேட்கிறார்? உனக்குக் காய்ச்சல் விடணும் என்று கேட்டிருப்பார், உன் அம்மாவுக்குச் சுகப்பிரசவம் ஆகணும் என்று கேட்டிருப்பார். அது பொய்யாகுமா என்று அவளே சொல்லட்டும்.

சபைப் பிள்ளை

சார், காரைக்கு ஒரு நாள் போகிறேன். போகாமல் பதில் சொல்வது முறை இல்லை.

ஆறு நாளை நான் இன்னும் விடவில்லை, சும்மா ஒப்புக்குச் சரி என்று எழுத எனக்கு வராது. ஆனால் எம்130 பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் அம்மா, "இதை ஏன் அந்த டீச்சர் முதல்ல சொல்லல?" என்று கேட்டார்கள்.

பின் அடித்தது எனக்கும் பிடிக்கவில்லை. நம் சனம் படிக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் மற்றவர்கள் மூடினார்கள், நம் கையாலேயே நாம் மூடக்கூடாது. பெரியவரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள் டீச்சர், சபைக்காரன் ஒருவன் சொன்னான் என்று.

தேரிக்காட்டு டீச்சர்

நேற்று சாயங்காலம் போயிருந்தேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். பெரியவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு அவர் கீழே பாயில் உட்கார்ந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, டீச்சர் என்றால் டீச்சர்தான் என்றார்.

ஒரே ரத்தத்தில் இருந்துதான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் அவர் அவருடைய தாத்தாவைப் பற்றிச் சொன்னார், பனையேறி, பாளை சீவுகிற அரிவாளைத் தவிர வீட்டில் இரும்பு கிடையாதாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்தபோது ஊரில் வேறு ஒரு இடத்திலும் அவருக்கு உட்கார இடம் இல்லையாம். "அந்த பெஞ்ச எடுத்துருவீங்களோன்னுதான் டீச்சர்" என்றார். அதற்கு மேல் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குரங்கைப் பற்றிக் கேட்டார். செங்கோட்டை தாண்டினால் மலையாளம் என்று சொன்னேன். இளவயதில் கொல்லத்தில் முந்திரிக் கம்பெனியில் இரண்டு வருஷம் கணக்கு எழுதியிருக்கிறார், அதனால் அவரே செவி, மூக்கு, நாக்கு என்று மலையாளத்தில் சொல்லிப் பார்த்தார், சிரித்தார், அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நான் எழுத மாட்டேன். ஆறு நாள் ஆறு நாள்தான் என்றுதான் அனுப்பி வைத்தார். ஆனால் வாசல் வரை வந்து, புத்தகத்தை முதலில் தான் படிக்கிறேன் என்றார்.

இன்றைக்குக் காலையில் பார்த்தேன், மேலே இருந்த மூன்று பின்னும் இல்லை. ஓரத்திலும் கீழேயும் இருப்பவை அப்படியே இருக்கின்றன. தாத்தா ராத்திரி டார்ச் அடித்து மேல் பக்கமாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அவளும் வகுப்பில் அதே மாதிரி விரித்து எட்டிப் பார்த்துத்தான் படிக்கிறாள். ஜெபம் பற்றி மேலப்பாளையம் அக்கா சொன்னபடியே அவளிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை, சிரித்தாள்.

பாளை சார், பெரியவர் ஒன்று கேட்டுவிட்டார். கால்டுவெல், மலையாளம், குரங்கு இதைப் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டுமாம், எழுத்து பெரிதாக இருக்க வேண்டுமாம், சண்டே ஸ்கூல் முடிந்து நாலு பேரோடு உட்கார்ந்து பேச. என் கையெழுத்தை விட உங்கள் கையெழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா?